பிலிப்போ ஸ்ட்ரோசி (மூத்தவர்)

பிலிப்போ ஸ்ட்ரோசி (சூலை 4, 1428 – மே 1491) இத்தாலியின் புளோரன்ஸ் நகரைச் சேர்ந்த வணிகரும் வங்கியாளரும் ஆவார். அரசியல் பகையால் நாடு கடத்தப்பட்ட குடும்பமொன்றில் வளர்ந்த இவர், நேப்பிள்ஸ் நகரில் பெரும் செல்வம் ஈட்டினார். 1466 ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய பின்னர், தமது வாழ்வின் இறுதி ஆண்டுகளில் பலாசோ ஸ்ட்ரோசி என்னும் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். மறுமலர்ச்சிக் கால நகர மாளிகைகளுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக இம்மாளிகை கருதப்படுகின்றது. இதே பெயருடைய இவரது மகனிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் பொருட்டு இவர் மூத்த பிலிப்போ ஸ்ட்ரோசி என அழைக்கப்படுகின்றார்.

இத்தாலிய மொழியில் பலாசோ என்ற சொல் அரசர் வாழும் அரண்மனையை மட்டும் குறிப்பதன்று. நகரத்தின் நடுவே செல்வக் குடும்பங்கள் கட்டிய பெரிய கல் வீடுகளும் அப்பெயராலேயே வழங்கப்பட்டன. பதினைந்தாம் நூற்றாண்டில் புளோரன்ஸ் அரசர் இல்லாத குடியரசாக இருந்தது. எனவே அங்கு எழுந்த மாளிகைகள் யாவும் வணிகக் குடும்பங்களுக்கு உரியவையாகும்.

குடும்பப் பின்னணி

ஸ்ட்ரோசி குடும்பம் புளோரன்சின் பழைமையான குடும்பங்களுள் ஒன்றாகும். மூன்று பிறை நிலாக்கள் இக்குடும்பத்தின் சின்னம் ஆகும். பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்குடும்பத்தின் ஒரு கிளையைச் சேர்ந்த பல்லா ஸ்ட்ரோசி நகரின் மிகப் பெரிய செல்வந்தராக விளங்கினார். 1427 ஆம் ஆண்டின் வரிப் பதிவேடு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

அக்காலத்தில் நகரின் ஆட்சியைக் கைப்பற்ற அல்பிசி குடும்பத்தின் அணிக்கும் மெடிச்சி குடும்பத்தின் அணிக்கும் இடையே கடும் போட்டி நிலவியது. 1433 ஆம் ஆண்டு நாடு கடத்தப்பட்ட கோசிமோ டி மெடிச்சி, மறு ஆண்டே வெற்றியுடன் திரும்பினார். அதன் பின்னர் அவரது எதிரணியினர் பலர் நகரை விட்டு வெளியேற்றப்பட்டனர். பல்லா ஸ்ட்ரோசி பதுவா நகருக்கு அனுப்பப்பட்டு, 1462 ஆம் ஆண்டு அங்கேயே இறந்தார். பிலிப்போவின் தந்தை மத்தேயோ ஸ்ட்ரோசியும் இவ்வாறு வெளியேற்றப்பட்டவர்களுள் ஒருவர். அவர் மனைவி மக்களுடன் பெசரோ நகருக்குச் சென்றார்.

பெசரோவில் பரவிய கொள்ளை நோய் மத்தேயோவின் உயிரையும், அவரது குழந்தைகளுள் மூவரின் உயிரையும் பறித்தது. அப்போது அவரது மனைவி அலெசாண்ட்ரா மச்சிங்கி கருவுற்றிருந்தார். எஞ்சிய பிள்ளைகளுடன் புளோரன்ஸ் திரும்பிய அவர், 1436 ஆம் ஆண்டு கடைசி மகனைப் பெற்று, அவனுக்குக் கணவரின் பெயரையே வைத்தார். அலெசாண்ட்ரா மறுமணம் செய்து கொள்ளவில்லை. மூன்று ஆண் பிள்ளைகளையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் தனி ஒருவராக வளர்த்தார். குடும்பத்தின் நிலங்களுக்கும் வீடுகளுக்கும் விதிக்கப்பட்ட கடுமையான வரிகளைச் செலுத்துவதே அவருக்குப் பெரும் சுமையாக இருந்தது.

நேப்பிள்சில் தொழில்

தந்தையை இழந்த பிலிப்போ பதின்ம வயதிலேயே வணிகம் கற்க வெளியூர் அனுப்பப்பட்டார். அவரது தந்தையின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் நேப்பிள்ஸ், பார்சிலோனா, புரூக் ஆகிய நகரங்களில் வணிகம் நடத்தி வந்தனர். அவர்களுள் நேப்பிள்சில் இருந்த நிக்கோலோ ஸ்ட்ரோசியிடம் பிலிப்போ பணியில் சேர்ந்தார். கணக்கு எழுதுதல், உண்டியல் வணிகம், துணி வணிகம் முதலியவற்றை அங்கு கற்றுத் தேர்ந்தார். பின்னாளில் இளைய சகோதரர்களான லொரென்சோவும் மத்தேயோவும் அவருடன் தொழிலில் இணைந்தனர்.

இக்காலத்தில் அலெசாண்ட்ரா தம் மகன்களுக்கு எழுதிய கடிதங்களுள் 70க்கும் மேற்பட்டவை இன்று கிடைத்துள்ளன. இவை 1877 ஆம் ஆண்டு செசாரே குவாஸ்தி என்பவரால் முதன்முதலில் நூலாகப் பதிப்பிக்கப்பட்டன. பெண்களின் வரதட்சணை, மகன்களுக்குப் பெண் தேடுதல், வரிச் சுமை, நகர அரசியல் எனப் பலவற்றையும் இக்கடிதங்கள் பேசுகின்றன. அக்காலப் புளோரன்சின் இல்லற வாழ்வை அறிய உதவும் முதன்மையான சான்றுகளாக இவை விளங்குகின்றன. மூத்த மகள் கத்தரினாவை, தம் குடும்பத்தை விடக் குறைந்த மதிப்புடைய குடும்பத்தைச் சேர்ந்த பட்டு வணிகர் மார்க்கோ பரென்டிக்கு மணம் செய்து கொடுக்க நேர்ந்ததும் இவற்றில் பதிவாகியுள்ளது. பெரிய குடும்பங்கள் கேட்ட அளவிற்கு வரதட்சணை கொடுக்க அவரால் இயலவில்லை. எனினும் அந்த மருமகனே பின்னாளில் ஸ்ட்ரோசி சகோதரர்களுக்கு நகரில் உற்ற துணையாக இருந்தார்.

1458 ஆம் ஆண்டு மெடிச்சி அணியினர் தம் பிடியை மேலும் இறுக்கினர். 1434 இல் வெளியேற்றப்பட்டவர்களின் மகன்களும் நகருக்குள் வரக்கூடாது என்று தடை நீட்டிக்கப்பட்டது. தந்தை செய்த அரசியலுக்காக, அப்போது முப்பது வயதாகியிருந்த பிலிப்போவும் அவரது சகோதரர்களும் நாடு கடத்தப்பட்டவர்கள் ஆயினர். மறு ஆண்டு கடைசி சகோதரரான மத்தேயோ நேப்பிள்சில் காய்ச்சலால் இறந்தார். தாய் மகனின் முகத்தைக் காணவும் இயலாமற் போயிற்று.

பிலிப்போ தமது சினத்தை வெளிக்காட்டவில்லை. சதித் திட்டங்களிலும் ஈடுபடவில்லை. மாறாக, நேப்பிள்ஸ் மன்னர் ஃபெரான்டேயின் நம்பிக்கைக்குரிய வங்கியாளராக உயர்ந்தார். மன்னருக்குக் கடன் கொடுத்தும், அரசவைக்கு வேண்டிய பொருள்களைத் தருவித்தும் செல்வாக்குப் பெற்றார். அதே வேளையில் புளோரன்சில் உள்ள மெடிச்சி குடும்பத்தினரின் நல்லெண்ணத்தைப் பெறவும் தொடர்ந்து முயன்று வந்தார். அக்கால இத்தாலியில் புளோரன்சுக்கு நேப்பிள்சின் நட்பு இன்றியமையாததாக இருந்தது. எனவே ஃபெரான்டே மன்னரின் பரிந்துரை எளிதில் தட்டிக்கழிக்க முடியாத ஒன்றாகும்.

தாயகம் திரும்புதல்

1464 ஆம் ஆண்டு கோசிமோ இறந்தார். அவர் மகன் பீரோ 1466 ஆம் ஆண்டு தமக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை முறியடித்தார். அதன் தொடர்ச்சியாக அவ்வாண்டின் பிற்பகுதியில், முன்னர் வெளியேற்றப்பட்டவர்கள் சிலருக்குத் தடை நீக்கப்பட்டது. ஸ்ட்ரோசி சகோதரர்கள் அவர்களுள் அடங்குவர். 38 வயதில் புளோரன்ஸ் திரும்பிய பிலிப்போ, ஃபியாமெட்டா அடிமாரி என்பவரை மணந்தார். 1467 ஆம் ஆண்டு பிறந்த மூத்த மகனுக்கு, நேப்பிள்ஸ் இளவரசர் அல்ஃபோன்சோவின் பெயர் சூட்டப்பட்டது. மகன்கள் தாயகம் திரும்பியதைக் கண்ட அலெசாண்ட்ரா 1471 ஆம் ஆண்டு இறந்தார். 1476 இல் ஃபியாமெட்டா இறந்த பின்னர், பிலிப்போ செல்வாஜா ஜான்ஃபிலியாட்சி என்பவரை மணந்தார்.

நேப்பிள்ஸ் கிளையைச் சகோதரர் லொரென்சோ கவனித்துக்கொள்ள, பிலிப்போ புளோரன்சில் வங்கி தொடங்கினார். பின்னர் ரோமிலும் கிளை நிறுவப்பட்டது. 1473 ஆம் ஆண்டு, பெனெடெட்டோ ட மயானோ செய்த வேலைப்பாடு மிக்க மர இருக்கை ஒன்றை ஃபெரான்டே மன்னருக்குப் பரிசாக அனுப்பினார். நேப்பிள்ஸ் துறைமுகத்தின் தோற்றத்தைக் காட்டும் புகழ்பெற்ற ஓவியப் பலகை ஒன்று 1901 ஆம் ஆண்டு ஸ்ட்ரோசி மாளிகையில் கண்டெடுக்கப்பட்டது. ஸ்ட்ரோசி பலகை என்றே அறியப்படும் இது, தற்போது நேப்பிள்சின் சான் மார்ட்டினோ அருங்காட்சியகத்தில் உள்ளது.

பாத்சி சதியைத் தொடர்ந்து 1478 ஆம் ஆண்டு போர் மூண்டபோது, நேப்பிள்ஸ் புளோரன்சுக்கு எதிரியானது. இரு நகரங்களிலும் தொழில் நடத்திய பிலிப்போவின் நிலை இக்கட்டானதாயிற்று. 1479 ஆம் ஆண்டின் இறுதியில் லொரென்சோ டி மெடிச்சி அமைதி வேண்டி நேரில் நேப்பிள்ஸ் செல்ல முடிவெடுத்தார். அவருக்கு முன்னோடித் தூதராக மன்னரிடம் அனுப்பப்பட்டவர் பிலிப்போவே ஆவார். முன்பு நகரிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவரின் நட்பே இப்போது நகருக்குத் தேவைப்பட்டது குறிப்பிடத்தக்கது.

மாளிகைத் திட்டம்

பிலிப்போ மாளிகை கட்டுவதற்கு அவசரப்படவில்லை. ஸ்ட்ரோசி குடும்பத்தினர் நெடுங்காலம் வாழ்ந்து வந்த பகுதியில், தம் வீட்டை ஒட்டியிருந்த மனைகளையும் வீடுகளையும் பல ஆண்டுகளாக ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். 

இங்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. மெடிச்சி குடும்பத்தின் மாளிகை 1444 ஆம் ஆண்டு மிக்கெலோட்சோ என்னும் கட்டிடக் கலைஞரால் தொடங்கப்பட்டது. அதை விஞ்சும் ஒரு மாளிகையை, அதே குடும்பத்தால் நாடு கடத்தப்பட்ட ஒருவர் எழுப்புவது ஆபத்தான செயலாகும். பிலிப்போவின் மகன் லொரென்சோ ஸ்ட்ரோசி எழுதிய வரலாற்றில் இது குறித்த செய்தி ஒன்று காணப்படுகின்றது. அதன்படி, பிலிப்போ முதலில் தமது பெரிய குடும்பத்துக்குப் போதுமான, ஆடம்பரமற்ற ஒரு வீட்டையே கட்ட விரும்புவதாகக் காட்டிக்கொண்டார். செலவை ஈடுகட்டக் கீழ்த்தளத்தில் கடைகளை அமைத்து வாடகைக்கு விடப் போவதாகவும் கூறினார். நகரின் அழகில் அக்கறை கொண்டிருந்த லொரென்சோ டி மெடிச்சி, கடைகள் மாளிகையின் தோற்றத்தைக் கெடுக்கும் என்று மறுத்து, பெரிதாகவே கட்டும்படி வற்புறுத்தினார். பிலிப்போ தயக்கத்துடன் இணங்குவது போல இணங்கினார். இவ்வாறு தாம் முன்பே எண்ணியிருந்ததை, ஆட்சியாளரின் விருப்பத்தை நிறைவேற்றுவது போலச் செய்து முடித்தார் என்று அவ்வரலாறு கூறுகின்றது. தந்தையின் புகழைப் பாடும் மகனின் நூல் என்பதால் இச்செய்தியை அப்படியே ஏற்க இயலாது. எனினும் அக்காலச் சூழலை இது நன்கு உணர்த்துகின்றது.

அடிக்கல் நாட்டு விழா

1489 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் காலை, சூரியன் மலைகளுக்கு மேல் எழும் வேளையில் பிலிப்போ அடிக்கல் நாட்டினார். இந்த நேரம் சோதிடர்களைக் கலந்து குறிக்கப்பட்டது. மெய்யியலாளர் மார்சிலியோ ஃபிசினோவிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. அதே வேளையில் நகரின் தேவாலயங்கள் சிலவற்றில் திருப்பலிகள் நிறைவேற்றப்பட்டன. பிலிப்போ இந்நிகழ்வைத் தம் கைப்படக் குறித்து வைத்துள்ளார்.

புளோரன்ஸ் மக்கள் வீட்டுக் குறிப்பேடுகள் எழுதும் வழக்கம் உடையவர்கள். ஆதலால் இக்கட்டுமானம் குறித்துச் சாதாரண மக்களின் பதிவுகளும் கிடைக்கின்றன. திரிபால்டோ டி ரோசி என்பவர் அன்று காலை அவ்வழியே வந்து, அடித்தளக் குழியில் ஒரு பழைய நாணயத்தைப் போட்டார். பின்னர் தம் பிள்ளைகளையும் வரவழைத்து, கையில் ரோசாப் பூக்கள் வைத்திருந்த மகனை அவற்றைக் குழிக்குள் போடச் செய்தார். இந்த நாளை அவன் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது அவரது விருப்பமாக இருந்தது. மாறாக, அருகில் மருந்துக் கடை வைத்திருந்த லூக்கா லாண்டுச்சி தமது நாட்குறிப்பில் தொல்லைகளையே எழுதியுள்ளார். பழைய வீடுகளை இடிக்கும் தூசியும், கல்லும் சுண்ணாம்பும் சுமந்து வரும் கழுதைகளும், வேடிக்கை பார்க்கும் கூட்டமும் தெருக்களை அடைத்துக்கொண்டன என்பது அவரது குறை ஆகும்.

கட்டிட அமைப்பு

மாளிகையின் வடிவமைப்பாளர் யார் என்பது குறித்து ஒருமித்த கருத்து இல்லை. ஜூலியானோ ட சங்கால்லோ செய்த மர மாதிரி இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது. கலை வரலாற்றாசிரியர் வசாரி இவ்வடிவமைப்பைப் பெனெடெட்டோ ட மயானோவுக்கு உரியதாகக் கூறுகின்றார். கட்டுமானத்தைத் தொடர்ந்து நடத்தியவர் குரோனாக்கா என்று அழைக்கப்பட்ட சிமோனே டெல் பொல்லாயுவோலோ ஆவார்.

மாளிகை மூன்று உயர்ந்த தளங்களைக் கொண்டது. நாற்புறமும் பிற கட்டிடங்களை ஒட்டாமல் தனித்து நிற்கின்றது. வெளிச்சுவர்கள் பியெட்ராஃபோர்டே எனப்படும் பழுப்பு நிற மணற்கல்லால் ஆனவை. கற்களின் முகங்கள் தலையணை போலப் புடைத்திருக்குமாறு செதுக்கப்பட்டுள்ளன. மெடிச்சி மாளிகையில் தளத்துக்குத் தளம் கல்வேலை முற்றிலும் மாறுபடும். கீழே முரட்டுக் கற்களும், மேலே வழவழப்பான சுவரும் காணப்படும். ஸ்ட்ரோசி மாளிகையிலோ புடைப்புக் கற்கள் அடி முதல் முடி வரை செல்கின்றன. மேலே செல்லச் செல்லப் புடைப்பு மட்டும் சிறிது சிறிதாகக் குறைகின்றது. இதனால் மாளிகை முழுவதும் ஒரே கல்லில் குடைந்தது போன்ற திண்மையுடன் தோன்றுகின்றது.

கீழ்த்தளத்தில் சிறிய செவ்வகச் சாளரங்களே உள்ளன. மேல் இரு தளங்களிலும் நடுவே சிறு தூண் கொண்ட வளைவான இரட்டைச் சாளரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. சுவரின் அடியில், வழிப்போக்கர் அமர்வதற்கு ஏற்ற கல் திண்ணை ஓடுகின்றது. மூன்று பக்கங்களில் பெரிய வளைவு வாயில்கள் இருக்கின்றன. உள்ளே செவ்வக வடிவ முற்றம் அமைந்துள்ளது. அதன் கீழ்த்தளத்தில் தூண்கள் தாங்கும் வளைவு வரிசையும், மேல் தளத்தில் திறந்த தூண் மாடமும் உள்ளன. வெளிப்புறத்தின் இறுக்கத்துக்கு மாறாக, முற்றம் வெளிச்சமும் காற்றோட்டமும் உடையது.

கூரையின் விளிம்பில் வெளியே நீண்டிருக்கும் பெரிய கொடுங்கை குரோனாக்காவின் படைப்பாகும். ரோமில் இருந்த பழங்காலக் கட்டிடச் சிதைவு ஒன்றை அளந்து, அதனைப் பெரிதாக்கி அவர் இதனை அமைத்ததாக வசாரி குறிப்பிடுகின்றார். மாளிகையின் மூலைகளில் உள்ள இரும்பு விளக்குக் கூடுகளும், குதிரைகளைக் கட்டும் வளையங்களும் நிக்கோலோ குரோசோ என்ற கொல்லர் செய்தவை. முன்பணம் பெறாமல் எந்த வேலையையும் தொட மாட்டார் என்பதால், அச்சாரம் எனப் பொருள்படும் கப்பாரா என்ற பட்டப்பெயர் அவருக்கு வழங்கியது.

பிற கலைப் பணிகள்

பிலிப்போ சாண்டா மரியா நொவெல்லா தேவாலயத்தில் ஒரு சிற்றாலயத்தின் உரிமையை 1486 ஆம் ஆண்டு பெற்றார். அதன் சுவர்களில் ஓவியம் தீட்ட 1487 இல் ஃபிலிப்பினோ லிப்பியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். புனித பிலிப்பு, புனித யோவான் ஆகியோரின் வாழ்வைக் காட்டும் இவ்வோவியங்கள் 1502 ஆம் ஆண்டே நிறைவு பெற்றன. அங்குள்ள பிலிப்போவின் கல்லறையைப் பெனெடெட்டோ ட மயானோ செதுக்கினார். அவரே செய்த பிலிப்போவின் மார்பளவுச் சிலைகளுள் சுடுமண்ணால் ஆனது பெர்லினிலும், பளிங்கால் ஆனது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்திலும் உள்ளன.

இறப்பும் உயிலும்

அடிக்கல் நாட்டி இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள், 1491 மே மாதத்தில் பிலிப்போ இறந்தார். அப்போது மாளிகையின் கீழ்த்தளச் சுவர்களே எழும்பியிருந்தன. அவர் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு ஓர் இலட்சம் புளோரின்களுக்கும் மிகுதியாகும். இறக்கும் தறுவாயில் எழுதிய உயிலில், மாளிகையைக் கட்டி முடிக்க வேண்டிய கடமையை வாரிசுகள் மீது சுமத்தினார். மாளிகையின் ஒரு பாதி முதல் மனைவியின் மகன் அல்ஃபோன்சோவுக்கும், மறு பாதி இரண்டாம் மனைவியின் மகன்களான லொரென்சோவுக்கும் பிலிப்போவுக்கும் உரியதாயிற்று. இளைய மகனுக்கு முதலில் சூட்டப்பட்ட பெயர் ஜொவான் பத்திஸ்தா என்பதாகும். தந்தையின் மறைவுக்குப் பின்னரே அவர் பிலிப்போ என்று அழைக்கப்பட்டார்.

பிற்கால வரலாறு

1494 ஆம் ஆண்டு மெடிச்சி குடும்பத்தினர் நகரிலிருந்து விரட்டப்பட்டனர். அரசியல் குழப்பங்களுக்கு இடையிலும் மாளிகைப் பணி தொடர்ந்தது. 1508 ஆம் ஆண்டு குரோனாக்கா இறந்தார். கொடுங்கை முழுமையடையவில்லை. கட்டிடத்தைச் சுற்றி வருவோர், அது இடையில் நின்று போயிருப்பதை இன்றும் காணலாம்.

இளைய பிலிப்போ ஸ்ட்ரோசி 1508 ஆம் ஆண்டு கிளாரிச்சே டி மெடிச்சியை மணந்தார். இதனால் இரு குடும்பங்களின் பகையும் தீர்ந்தது போலத் தோன்றியது. ஆனால் பின்னர் அவர் மெடிச்சி ஆட்சியை எதிர்ப்பவராக மாறினார். 1537 ஆம் ஆண்டு மொந்தேமுர்லோ என்னும் இடத்தில் நடந்த போரில் முதலாம் கோசிமோவின் படையால் சிறை பிடிக்கப்பட்டார். 1538 ஆம் ஆண்டு புளோரன்சின் பாசோ கோட்டையில் சிறையிலேயே இறந்தார். அக்கோட்டையைக் கட்டுவதற்கு முன்னர் அவரே கடன் கொடுத்திருந்தார். மாளிகையும் பறிமுதல் செய்யப்பட்டது. மூத்த பிலிப்போ வாழ்நாள் முழுவதும் அடக்கத்தால் தவிர்த்து வந்த மோதல், அடுத்த தலைமுறையில் வெடித்தது எனலாம்.

1568 ஆம் ஆண்டு மாளிகை மீண்டும் ஸ்ட்ரோசி குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டு வரை அது அக்குடும்பத்துடன் தொடர்புடையதாக இருந்தது. 1937 ஆம் ஆண்டு தேசியக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று மாளிகையை வாங்கிப் புதுப்பித்தது. 1940 ஆம் ஆண்டு வியூசோ நூலகம் இங்கு இடம் பெயர்ந்தது. 1999 ஆம் ஆண்டு மாளிகை அரசின் உடைமையானது. 2006 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பலாசோ ஸ்ட்ரோசி அறக்கட்டளை இங்கு கலைக் கண்காட்சிகளை நடத்தி வருகின்றது. கதவுகள் திறந்திருக்கும் வேளைகளில் முற்றத்தினுள் பொதுமக்கள் தடையின்றிச் சென்று வரலாம்.

மதிப்பீடு

பிலிப்போ ஸ்ட்ரோசி நூல் எதுவும் எழுதியவர் அல்லர். உயர்ந்த அரசியல் அதிகாரமும் அவரிடம் இருந்ததில்லை. எனினும் அவர் பேணிய கணக்கேடுகள் பெருமளவில் எஞ்சியுள்ளன. கல் வெட்டியோர் கூலி முதல் சுண்ணாம்பு விலை வரை அவற்றிலிருந்து அறிய முடிகின்றது. இதனால் மறுமலர்ச்சிக் காலக் கட்டுமானத் தொழிலின் பொருளியலை ஆராய்வோர்க்கு இம்மாளிகை முதன்மையான எடுத்துக்காட்டாக அமைந்துள்ளது. நாடு கடத்தப்பட்ட குடும்பத்தின் பெயரை நகரில் மீண்டும் நிலைநிறுத்த வேண்டும் என்பதே அவரது நோக்கமாக இருந்தது. குடும்பச் சின்னமான பிறை நிலாக்கள் மாளிகையின் கற்களில் இன்றும் காணப்படுகின்றன.